ராணியின் ரத்தத்தில் 1,730: நோயில்லாத நாயும் வட்டமிட்ட ஒரு எண்ணும்

ராணியை மேசைமேல் ஏற்றுவதற்கு முன்பே அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வேறொரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. பதினேழு வரிகள். அதில் ஒன்றைச் சுற்றி மட்டும் நீலப் பேனாவால் வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. அமைலேஸ் (மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி) 1,760. எதிரே அச்சிட்டிருந்த இயல்பு எல்லை 500 முதல் 1,500.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க” என்றார். “ரத்தத்துல செரிமானச் சத்து சாஸ்தியா ஓடுதுன்னு சொன்னாக. சரி. அப்புறம் எதுக்கு அதே சத்தை மாத்திரையா மூணு வேளை குடுக்கச் சொல்லுதாக?”

இருபது வருடத் தொழிலில் இவ்வளவு சரியான கேள்வியை நாய் வளர்ப்பவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்டதில்லை. இந்த ஆய்வு முழுக்க அவர் கேள்விக்கு நான் தேடிச் சொன்ன பதில்தான்.

வந்தபோது எப்படி இருந்தாள்

ராணி நான்கு வயது சிப்பிப்பாறை. பெட்டை, செவலை நிறம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்கிறாள். கருத்தடை ஆபரேஷனுக்காக மூன்று வாரத்துக்கு முன் முதல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் அந்த எண் மாட்டிக்கொண்டது. கணைய அழற்சி என்று சொல்லி ஆபரேஷனைத் தள்ளிவைத்து, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி, செரிமான நொதி மாத்திரை, கொழுப்பே இல்லாத சாப்பாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாந்தி உண்டா என்று கேட்டேன். இல்லை. பேதி? மாத்திரை ஆரம்பித்தபின் இரண்டு நாள் இளகலாகப் போனது, அதற்கு முன் கிடையாது. சாப்பாடு மறுத்தாளா? “அது எங்க மறுக்கும், வச்ச சட்டியை நக்கி உருட்டிட்டுல்ல போகும்.” முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நின்றாளா? வயிறு வலிக்கிற நாய் அப்படி நிற்கும். அதுவும் இல்லை. எந்த ஊசியாவது போட்டீர்களா, தோல் அரிப்புக்கு மாத்திரை ஏதாவது? ஸ்டீராய்டு என்ற சொல்லை அவருக்கு விளக்கிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். எதுவுமே இல்லை.

எடை 16.5 கிலோ. அட்டையில் போன தடுப்பூசியின்போது எழுதியிருந்தது 18. மூன்று வாரம் வெறும் கஞ்சியில் ஒன்றரைக் கிலோ போயிருக்கிறது. இயல்பிலேயே விலா தெரிகிற இனம் இது. அதில் ஒன்றரைக் கிலோ குறைந்தால் இடுப்பெலும்பு கூடாரக் குச்சி மாதிரி நிற்கும், அப்படித்தான் நின்றது. மற்றபடி உடல் சூடு 101.6 (நாய்க்கு அது இயல்பு), ஈறு நல்ல ரோஜா நிறம், இதயத் துடிப்பு சீராக நிமிடத்துக்கு 92. வயிற்றை இரண்டு கையாலும் ஆழமாக அழுத்திப் பார்த்தேன். முனகக்கூட இல்லை, என் கையை நக்கினாள்.

என் பரிசோதனைக் குறிப்பில் அன்று எழுதிய முதல் வரி: “நோயாளி நலமாக இருக்கிறாள். காகிதம்தான் நலமாக இல்லை.”

இந்த எண் எங்கிருந்து வருகிறது

முதல் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நானும் இதையே செய்திருப்பேன். அமைலேஸ் கூடினால் கணையம் என்று படித்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பாடம் மனிதர்களிடமிருந்து நாய்க்கு இறங்கியது. 1908-இல் வோல்கமுத் என்பவர் மனிதச் சிறுநீரில் அமைலேஸை அளக்க ஒரு முறை கண்டார். 1929-இல் எல்மனும் அவர் கூட்டாளிகளும் ரத்த அமைலேஸைக் கணைய நோய்க்கு அடையாளமாகக் காட்டினார்கள். 1932-இல் செர்ரியும் கிராண்டலும் கணையம் காயப்பட்டபின் ரத்தத்தில் லைப்பேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதி ஏறுவதைக் காட்டினார்கள். அன்றிலிருந்து இந்த இரண்டு எண்களும் கணையத்தின் காவல்காரர்களாக அறிக்கைகளில் உட்கார்ந்துவிட்டன. கால்நடை மருத்துவம் அவற்றை அப்படியே வாங்கிக்கொண்டது.

மனிதனுக்கும் நாய்க்கும் இதில் ஒரு அடிப்படை வேறுபாடு இருக்கிறது. நம் எச்சிலில் அமைலேஸ் உண்டு. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். நம் ரத்தத்தில் ஓடும் அமைலேஸில் ஏறத்தாழப் பாதி எச்சில் சுரப்பி வகை. நாயின் எச்சிலில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. ‘அப்படியானால் நாய் ரத்தத்தில் இருப்பதெல்லாம் கணையத்துடையதுதானே, இன்னும் நல்ல அடையாளம் ஆயிற்றே’ என்று தோன்றும். எனக்கும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாயின் சிறுகுடல் சவ்விலும் கல்லீரலிலும் அமைலேஸ் இருக்கிறது, அவையும் ரத்தத்துக்குப் பங்கு கொடுக்கின்றன. லைப்பேஸின் கதை இன்னும் சிக்கல்: கணையம், இரைப்பைச் சவ்வு, கல்லீரல் என்று பல இடத்தில் பல லைப்பேஸ்கள். பழைய சோதனை முறைகளுக்கு இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொழுப்பை உடைத்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும்.

இதை நேராகச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு 1991-இல் வெளியானது. நாய்களின் கணையத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு ரத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். கணையமே இல்லாத நாயிலும் அமைலேஸும் லைப்பேஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டிரிப்சின் என்ற இன்னொரு கணைய நொதியைச் சார்ந்த டிஎல்ஐ என்ற அளவு மட்டும் காணாமல் போனது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கணையம் இல்லாதபோதும் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு கணையத்துக்கு நோய் என்று எத்தனை நாய்களுக்குச் சொல்லியிருப்பேன்!

நலமான நாயின் ரத்தத்தில் செரிமான நொதிக்கு என்ன வேலை

அண்ணாச்சிக்கும் இதுதான் புரியாமல் இருந்தது. சோற்றைச் செரிக்கிற சரக்கு வயிற்றில் அல்லவா இருக்க வேண்டும், ரத்தத்தில் ஏன் ஓடுகிறது?

அதற்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கசிந்து வந்தது, அவ்வளவுதான். கணையத்தின் செல்கள் தாம் செய்யும் நொதிகளைச் சிறுமணிகளாகக் கட்டி ஒரு பக்கமாக, குழாய்க்குள், அவிழ்த்துவிடுகின்றன. அந்தக் குழாய் முன்சிறுகுடலில் போய்த் திறக்கிறது. ஆனால் எந்த வாய்க்காலிலும் கரை ஓரம் கொஞ்சம் ஈரம் கசியத்தான் செய்யும். செல்லின் மறுபக்கம் வழியாகச் சிறிதளவு நொதி திசுநீரில் கலந்து, நிணநீர் வழியாகவும் நேரடியாகவும் ரத்தத்துக்கு வருகிறது. தினமும், எல்லா நாயிலும், வாழ்நாள் முழுக்க.

இதில் ஆபத்தானது டிரிப்சின். புரதத்தை அறுக்கிற கத்தி அது. செய்த இடத்தையே அறுத்துவிடாமலிருக்க உடல் அதை உறையில் போட்டு வைத்திருக்கிறது. கணையத்தில் அது டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் இருக்கும். குடலுக்குப் போய், அங்கே சவ்வில் இருக்கும் என்டரோபெப்டிடேஸ் என்ற நொதி உறையைக் கழற்றினால்தான் கத்தி வெளியே வரும். ரத்தத்தில் கசிவதும் உறையோடு கசிகிற டிரிப்சினோஜன்தான். தப்பித்தவறி உறை கழன்ற டிரிப்சின் வந்தாலும், ரத்தத்தில் காவலுக்கு நிற்கும் ஆல்பா-1 புரோட்டினேஸ் தடுப்பான் அதைப் பிடித்து ஆல்பா-2 மேக்ரோகுளோபுலின் என்ற புரதத்திடம் ஒப்படைக்கிறது. அந்தக் கட்டை மேக்ரோபேஜ் செல்கள் விழுங்கிவிடும். கடுமையான கணைய அழற்சியில் உயிர் போவது இந்தக் காவல் தீர்ந்துபோகும்போது.

அமைலேஸ் அப்படியல்ல. அது உறையில்லாமல் வேலைக்குத் தயாராகவே பிறக்கிறது. ரத்தத்தில் அறுப்பதற்கு மாவுச்சத்து இல்லை, அதனால் யாருக்கும் தொந்தரவில்லாமல் சுற்றிவிட்டு வெளியேறுகிறது. வெளியேறும் வழிகளில் சிறுநீரகம் ஒன்று. சிறுநீரகம் சோர்ந்தால் அமைலேஸும் லைப்பேஸும் இரண்டு, மூன்று மடங்கு வரைகூட ஏறும், கணையத்தில் ஒரு கீறலும் இல்லாமல்.

திசுவில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து ரத்தத்தில் எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடவும் முடியாது. இதற்கு நான் எப்போதும் மாணவர்களுக்குச் சொல்வது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதியின் கதை. நாயின் குடல் சவ்வில் அது கல்லீரலைவிட ஏராளம். ஆனால் குடல் வகை ரத்தத்துக்கு வந்தால் சில நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். கல்லீரல் வகைக்குப் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதனால் அறிக்கையில் நாம் பார்ப்பது கல்லீரலின் குரல், குடல் பேசுவதே காதில் விழாது. எவ்வளவு கசிகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அந்த ஒரு எண்.

ஊதா மூடி

சரி, ராணிக்கு வருவோம். அந்த 1,760 முதலில் உண்மைதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு மறுநாள் காலை வரச் சொன்னேன். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்தான் சீரம். கொழுப்பு மிதக்கும் சீரத்தில் ஒளியை வைத்து அளக்கும் இயந்திரங்கள் தடுமாறும், அதற்காகத்தான் பட்டினி.

மறுநாள் நான் மாடு ஒன்றுக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் எங்கள் உதவியாளத் தம்பி ரத்தம் எடுத்து இயந்திரத்தில் போட்டு, அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். “மேடம், நார்மல் ஆயிடுச்சு! 1,470!” அண்ணாச்சி முகத்திலும் சிரிப்பு. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

நானும் சிரித்திருப்பேன், இரண்டு வரி கீழே கண் போகாமல் இருந்திருந்தால். கால்சியம், இயந்திரம் அளக்க முடிந்த அடிமட்டத்துக்கும் கீழே. பொட்டாசியம், மேல்மட்டத்துக்கும் மேலே. அந்த அளவு கால்சியத்தோடும் பொட்டாசியத்தோடும் உலகத்தில் எந்த நாயும் வாலாட்டிக்கொண்டு நிற்காது. அவளோ மேசைக்கடியில் யாரோ விட்டுப்போன பிஸ்கட் துண்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குப்பைக்கூடையைப் பார்த்தேன். ஊதா மூடி. செல் எண்ணிக்கைக்கு எடுக்கும் குப்பியிலிருந்தே பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியை) உறிஞ்சிப் போட்டிருக்கிறான். ரத்தம் உறையாமலிருக்க அந்தக் குப்பியில் பொட்டாசியம் இடிடிஏ தடவியிருக்கும். அது கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அமைலேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பறித்துவிட்டால் அதன் வேகம் குறையும். ஏறத்தாழ பதினைந்து சதவீதம் குறைத்துக் காட்டியது. எல்லையைத் தாண்டி நின்ற எண்ணைக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவர அது போதும்.

சிவப்பு மூடிக் குப்பியில் புதிதாக எடுத்து, அரை மணி உறையவிட்டு, சுழற்றி, சீரத்தைப் போட்டோம். அமைலேஸ் 1,730. லைப்பேஸ் 640, எல்லைக்குள் (200 முதல் 1,800). கால்சியம் 10.1. மற்ற எல்லாம் இயல்பு. ஆக, அந்த எண் உண்மைதான். மூன்று வார மருந்து அதை அசைக்கவே இல்லை.

தம்பி அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை. எனக்கென்னவோ அந்தத் தவறு ஒரு நல்ல காரியமாகத்தான் பட்டது. ஒரு குப்பியின் மூடி நிறம் மாறினால் “நோய்” குணமாகிவிடும் என்றால், அந்த நோயின் கனம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டதே.

சிறுநீரகமா?

அடுத்து இதுதான் என் முதல் சந்தேகம். காரணம், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.6. எல்லை 1.8 வரை, ஆகவே இயல்புதான். இருந்தாலும் மேல்தட்டு இயல்பு. ராணியின் இனத்தை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் இங்கே இன்னொரு பள்ளத்தில் விழ வேண்டியதுதான். வேட்டை நாய்களுக்குத் தசை அதிகம், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கிரேஹவுண்டுகளில் கிரியேட்டினின் மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருப்பது நன்றாகப் பதிவான விஷயம். அவற்றின் ரத்தச் சிவப்பணு அளவும் அப்படித்தான், ஐம்பது சதவீதத்துக்கு மேலே சாதாரணமாக நிற்கும். ராணிக்கு 57. வேறு இன நாயாக இருந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று டிரிப் போட்டிருப்பேன்.

சந்தேகத்தைச் சந்தேகமாக விட முடியாதே. மறுநாள் விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னேன். அண்ணாச்சி வீட்டு எவர்சில்வர் குழம்புக் கரண்டியை நீளக் குச்சியில் கட்டி, பின்னாலேயே நடந்து, பிடித்து வந்திருந்தார். (“அந்தக் கரண்டி இனி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு ஆயிட்டுது.”) அடர்த்தி 1.046. புரதம் இல்லை என்று சொல்லும் அளவு. இவ்வளவு கெட்டியாகச் சிறுநீரைச் சுண்டவைக்கிற சிறுநீரகத்தைச் சோர்ந்த சிறுநீரகம் என்று சொல்ல வழியில்லை. யூரியாவும் இயல்பு. அந்தக் கதவு மூடியது.

ஸ்டீராய்டு கதவை முன்பே மூடியிருந்தோம். சொல்லப்போனால் அது இங்கே பொருந்தவும் பொருந்தாது. டெக்சாமெத்தசோன் கொடுத்த நாய்களில், கணையத்தில் அழற்சி எதுவும் இல்லாமலே லைப்பேஸ் ஐந்து மடங்கு வரை ஏறியிருக்கிறது, அமைலேஸோ ஏறாமல் இறங்கவே செய்தது. ராணிக்கு நேர்மாறு. ஸ்கேனில் குடல் சுவர் அடுக்குகள் ஒழுங்காக இருந்தன. முன்சிறுகுடலை ஒட்டிய கணையத்தின் வலது மடல் மெலிதாக, சுற்றியுள்ள கொழுப்போடு ஒன்றிப்போய், சுவாரசியமே இல்லாமல் இருந்தது. ஸ்கேனில் கணையம் சுவாரசியமில்லாமல் இருப்பது நல்ல செய்தி.

கணையத்தையே கேட்பது

நாயின் கணைய லைப்பேஸ் மற்ற லைப்பேஸ்களிலிருந்து உருவத்தில் வேறுபட்ட புரதம். அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதைவிட, அந்த உருவத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை வைத்து எண்ணினால், குடலும் கல்லீரலும் குழப்ப முடியாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸ்டெய்னரும் வில்லியம்ஸும் உருவாக்கிய சிபிஎல்ஐ சோதனையின் அடிப்படை இதுதான். ஆய்வகத்தில் அளக்கும் ஸ்பெக் சிபிஎல் முறையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இயல்பு. 400-ஐ எட்டினால் கணைய அழற்சியோடு பொருந்துகிறது என்பார்கள். இடைப்பட்டது சந்தேக மண்டலம்.

கிளினிக்கிலேயே பத்து நிமிடத்தில் பார்க்க ஒரு பெட்டிச் சோதனை இருக்கிறது. சீரத்தை ஊற்றி அழுத்தினால் நீலப் புள்ளிகள் எழும். நோயாளியின் புள்ளி, ஒப்பீட்டுப் புள்ளியைவிட வெளிறி இருந்தால் கணையத்தைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். கருத்திருந்தால் உடனே தீர்ப்பெழுதக் கூடாது, மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ராணியின் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு வெளிறல். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியை முகத்தருகே வைத்து, “இதுல ஒண்ணுமே இல்லையே” என்றார். அதுதான் அண்ணாச்சி விஷயம், ஒன்றுமே இல்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு நாயும் இங்கே சொல்லப்பட வேண்டும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் வந்த லாப்ரடார். கறிக்கடையில் வெட்டிப் போட்ட ஆட்டுக் கொழுப்பை வயிறு முட்டத் தின்றிருந்தது. நிற்காத வாந்தி, வயிற்றைத் தொட்டால் கடிக்க வருகிறது. அமைலேஸ் 1,320. அச்சிட்ட எல்லைப்படி பரிபூரண ஆரோக்கியம். அதன் பெட்டிப் புள்ளி மசி மாதிரி கருத்திருந்தது. நான்கு நாள் டிரிப்பில் கிடந்துதான் எழுந்தது. அமைலேஸ் நலமான நாயைக் குற்றவாளி ஆக்கும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும். கணையம் என்று நினைக்கவே இயல்பு உச்சத்தின் மூன்று மடங்காவது வேண்டும் என்ற பழைய விதி ஒன்று உண்டு. ராணிக்கு அது 4,500 ஆகும். அவள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அப்படியானால் ஏன் கூடுதல்?

இரண்டு பதில்கள். ஒன்று வெறும் கணக்கு. இயல்பு எல்லை என்பது நலமான நாய்களை அளந்து, நடுவிலுள்ள 95 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, இரு ஓரத்திலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை வெட்டிவிடுவது. வெட்டப்பட்டவையும் நலமான நாய்கள்தான். பதினேழு சோதனைகள் உள்ள அறிக்கையில், ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், எல்லாமே கோட்டுக்குள் விழ வாய்ப்பு 42 சதவீதம்தான். அதாவது நூறு நலமான நாய்களில் 58-க்கு எங்காவது ஒரு வரி தடித்த எழுத்தில் வரும். பேனா கையில் இருந்தால் வட்டம் போடத் தோன்றும்.

இரண்டாவது பதில் எனக்குப் பிடித்தது. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு, 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் தொகுதியையும் ஒப்பிட்டது. கணைய அமைலேஸை எழுதும் மரபணு, ஏஎம்ஒய்2பி, ஓநாயில் இரண்டே பிரதிகள். நாய்களில் 4 முதல் 30 வரை. நாயின் கணையத் திசுவில் அந்த மரபணு ஓநாயைவிட 28 மடங்கு கூடுதலாகப் பேசியது. நலமான நாயின் சீரத்தில் அமைலேஸின் வேகம் ஓநாயினுடையதைவிட 4.7 மடங்கு. அமைலேஸ் உடைத்துப் போட்ட மால்டோஸ் என்ற சர்க்கரையை மேலும் உடைக்கும் நொதியிலும் நாய் ஓநாயை மிஞ்சியிருந்தது. நாயின் சீரத்தில் மால்டோஸை உடைக்கும் திறன் அதிகம் என்பது பழைய ஆய்வகக்காரர்களுக்கு வேறு விதத்தில் தெரிந்ததுதான். உண்டாகும் சர்க்கரையை வைத்து அமைலேஸை அளக்கும் பழைய முறை, நாய்க்குப் பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம், நாய்க்கு நாய் இந்தப் பிரதிகளின் எண்ணிக்கை கூடக்கூட ரத்த அமைலேஸும் கூடுகிறது என்று காட்டினார்கள். தோண்டியெடுத்த பழைய நாய் எலும்புகளின் மரபணுவைப் படித்தவர்கள் 2016-இல், இந்தப் பெருக்கம் ஐரோப்பாவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே, விவசாயம் வந்தபின், நடந்திருந்தது என்றார்கள். உழவர்கள் போட்ட மிச்சச் சோற்றில் பிழைத்த நாய்களின் வாரிசுகள் இவை. தானியம் விளையாத பனிப்பிரதேச நாய்களிலும் ஆஸ்திரேலிய டிங்கோவிலும் பிரதிகள் குறைவு. ஆகவே “நாய்க்கு இயல்பான அமைலேஸ்” என்று ஒரே எல்லையை அச்சிடுவது, நாலு பிரதி நாயையும் முப்பது பிரதி நாயையும் ஒரே தராசில் நிறுத்துவது போல. கம்பங்கூழும் மோர்ச்சோறும் தின்று வளர்ந்த ஒரு தெற்கத்தி வேட்டை நாய் அந்தத் தராசில் கொஞ்சம் மேலே நின்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

மாத்திரை

இப்போது அண்ணாச்சியின் கேள்வி. வாய்வழி கொடுக்கும் நொதி குடலுக்குள் வேலை செய்துவிட்டு, மற்ற எந்தப் புரதத்தையும் போலத் தானும் செரிந்துபோகும். ரத்த எண்ணை அது ஏற்றவும் இறக்கவும் போவதில்லை. அதற்கு உண்மையான தேவை ஒரு நோயில் உண்டு: கணையம் நொதி செய்வதையே நிறுத்திவிட்ட நாய். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் அதிகம் பார்க்கிறோம். அசுரப் பசி, ஆனால் எலும்பும் தோலும், கூடைகூடையாக எண்ணெய் மினுங்கும் வெளிறிய மலம். கணையத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகுதான் இவை வெளியே தெரியும். அங்கே டிஎல்ஐ 2.5-க்குக் கீழே கிடக்கும், இயல்பு 5.7-இலிருந்து தொடங்குகிறது. அந்த நாய்க்கு நொதிதான் உயிர். ராணியின் மலம் கெட்டியாக, பழுப்பாக, வாய்க்கால் ஓரத்தில் எந்த நாயும் போடுவது போலத்தான் இருந்தது.

“அப்போ மூணு வாரமா குடுத்தது?”

“ஒன்றும் கெடுதி செய்யவில்லை அண்ணாச்சி. கஞ்சிதான் கெடுதி செய்தது.”

மாத்திரைகள் இரண்டையும் நிறுத்தினேன். பழைய சாப்பாடு, முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கோழி எல்லாம் திரும்ப வந்தன. பதினெட்டு நாளில் எடை 17.7. அதற்கு மறுநாள் கருத்தடை ஆபரேஷன். மயக்கத்துக்குப் புரோபோபால் பயன்படுத்தினோம். உடலில் கொழுப்பே இல்லாத இந்த வகை நாய்களுக்குத் தயோபென்டால் கொடுத்தால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும், அமைலேஸைவிட அதுதான் அன்று என் கவலையாக இருந்தது. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சாயங்காலம் நடந்தே ஆட்டோவில் ஏறினாள்.

ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தபோது, என் ஆர்வத்துக்காகக் காசு வாங்காமல் ஒரு முறை பார்த்தேன். சிவப்பு மூடியில்தான். அமைலேஸ் 1,750. கிரியேட்டினின் அதே 1.6. எடை 18.4.

அண்ணாச்சி தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, என் மேசையிலிருந்த பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: “ராணி அமைலேஸ் 1700க்கு மேல இருக்கும். இது அவ அளவு. கஞ்சி குடுக்க வேண்டாம்.” எழுதிவிட்டு, வேறு டாக்டர் பார்த்தாலும் தெரியட்டும் என்று என்னிடம் நீட்டி, கீழே கையெழுத்தும் முத்திரையும் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.